படிக்கவே முடியாத நூலை எடைபோடுவது எப்படி? மறைந்த தமிழ் நூல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குண்டலகேசி, வளையாபதி, தகடூர் யாத்திரை, முத்தொள்ளாயிரம் ஆகிய நூல்களை முழுசாகப் படித்தவர் இன்று ஒருவரும் இல்லை. ஏடுகள் போய்விட்டன. ஆனாலும் பள்ளிப் பாடநூல் தொடங்கி மேடைப் பேச்சு வரை இவற்றைப் பற்றி உறுதியாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தப் பேச்சுக்கெல்லாம் அடிப்படை பிறர் சொல்லி வைத்ததுதான். உரையாசிரியர்கள் சொன்னது, திரட்டு தொகுத்தவர்கள் எடுத்து வைத்தது, எதிர்வாதம் எழுதியவர்கள் மறுத்தது. இவர்களை எவ்வளவு நம்பலாம், எதற்கு நம்பலாம் என்று இலக்கிய மாணவர்களும் வாசகர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

படிக்காத நூலைப் பற்றிக் கருத்துச் சொல்வது நேர்மையா?

எதை வைத்துச் சொல்கிறோம் என்பதையும் கூடவே சொன்னால் நேர்மைதான். "குண்டலகேசி மிகச் சிறந்த காப்பியம்" என்று ஒருவர் சொன்னால் அதற்கு அவரிடம் ஆதாரம் இருக்க முடியாது. "எஞ்சியிருக்கும் 19 பாடல்களைப் பார்த்தால் கவிஞர் கைதேர்ந்தவர் என்று தெரிகிறது, காப்பியத்தின் கட்டுக்கோப்பைப் பற்றி எதுவும் சொல்ல வழியில்லை" என்றால் அது முழுக்க நியாயமான தீர்ப்பு. வாயே திறக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தால் தமிழ் இலக்கிய வரலாற்றில் பல பக்கங்களை வெறுமையாக விட வேண்டியிருக்கும்.

ஒரு பழைய சான்று நமக்கு மூன்று விதமான சரக்கைத் தரலாம். நூலின் சொந்த வரிகளை மேற்கோளாகத் தரலாம். இன்னார் எழுதியது, இத்தனை பாட்டு, இன்ன கதை என்று செய்தி தரலாம். நல்ல நூல், கெட்ட நூல் என்று தீர்ப்புத் தரலாம். இந்த வரிசைதான் நம்பிக்கையின் வரிசையும். தீர்ப்பை முதலில் வாங்கிக்கொண்டு மேற்கோளைக் கடைசியில் பார்க்கும் பழக்கத்தால்தான் பெரும்பாலான குழப்பங்கள் வருகின்றன.

மேற்கோளுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு?

மேற்கோள் வந்துவிட்டால் அந்த இடத்தில் நாம் நூலையே நேரில் படிக்கிறோம். நடுவில் இருப்பவர் விலகிக்கொள்கிறார். குண்டலகேசியில் எஞ்சிய இந்தப் பாடலைப் பாருங்கள்:

பாளையாம் தன்மை செத்தும் பாலனாம் தன்மை செத்தும்
காளையாம் தன்மை செத்தும் காமுறும் இளமை செத்தும்
மீளும்இவ் வியல்பும் இன்னே மேல்வரு மூப்பும் ஆகி
நாளும்நாள் சாகின் றாமால் நமக்குநாம் அழாத தென்னோ

யாரோ ஒருவர் செத்தால் அழுகிறோம். குழந்தைப் பருவம், வாலிபம் என்று நாமே ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகிறோமே, நமக்காக நாம் ஏன் அழவில்லை என்று கேட்கிறார் குண்டலகேசியை எழுதிய நாதகுத்தனார். "செத்தும், செத்தும்" என்று நான்கு முறை அடித்துவிட்டு, கடைசி அடியில் கேள்வியை நம் பக்கம் திருப்பிவிடுகிறார். நிலையாமை பாடாத தமிழ்ப் புலவர் குறைவு. ஆனால் பிணத்தையும் சுடுகாட்டையும் காட்டாமல் உயிரோடு இருப்பவனின் சாவைக் காட்டி அதைச் சொன்னது பெரிய விஷயம். இந்தத் தீர்ப்பை எவரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை.

உரையாசிரியர் மேற்கோளைத் தவறாகத் தந்திருக்க வாய்ப்பில்லையா?

உண்டு. நினைவிலிருந்து சொன்னதால் சொல் மாறியிருக்கலாம், ஏடு எழுதியவர் கை தவறியிருக்கலாம். இருந்தாலும் யாப்பு ஒரு காவல். அசை தப்பினால் காட்டிக் கொடுத்துவிடும்.

ஒரே ஆளை எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் நம்ப வேண்டியதில்லை என்பதற்கு நச்சினார்க்கினியர் நல்ல உதாரணம். தகடூர் யாத்திரை என்பது சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அதியமானின் தகடூரை, அதாவது இன்றைய தர்மபுரியை, முற்றுகையிட்டு வென்ற கதை. அதன் பாடல்கள் சில நம் கைக்கு வந்தது தொல்காப்பியப் புறத்திணையியலுக்கு அவர் எழுதிய உரையாலும் புறத்திரட்டு என்ற தொகுப்பாலும்தான். மேற்கோள் காட்டுவதில் அவர் பெரும் களஞ்சியம். அதே நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டுக்கு உரை எழுதும்போது எங்கோ இருக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய்ச் சேர்த்துப் பொருள் சொல்வார். தொல்காப்பியருக்கும் அகத்தியருக்கும் சாபச் சண்டை நடந்ததாக ஒரு கதையும் சொல்வார். மேற்கோளுக்கு அவரை நம்பலாம், பொருள் சொல்லும்போது யோசித்து ஏற்கலாம், அகத்தியர் கதையைக் கதையாகவே வைத்துக்கொள்ளலாம்.

வளையாபதி வெறும் நீதி நூல்தானே? கிடைத்த பாட்டெல்லாம் அறிவுரையாக இருக்கிறதே?

இந்தக் கேள்வியைத்தான் நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். ஏனென்றால் இங்கே நம்மைத் தவறாக வழிநடத்துவது பொய் சொல்லும் சாட்சி இல்லை, உண்மையே சொல்லும் சாட்சி.

வளையாபதியில் இன்று கிடைப்பவை 72 பாடல்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை புறத்திரட்டு வழியாக வந்தவை. புறத்திரட்டு 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தொகுப்பு. தொகுத்தவர் யாரென்று தெரியவில்லை. திருக்குறளைப் போலத் தலைப்புகள் வகுத்துக்கொண்டு, அந்தந்தத் தலைப்புக்குப் பொருந்தும் பாடல்களைப் பல நூல்களிலிருந்து பொறுக்கி அடுக்கியிருக்கிறார். கொல்லாமை என்று தலைப்பு வைத்தால் கொல்லாமைப் பாட்டுத்தான் எடுக்க முடியும். கதாநாயகி எப்படிப் பேசினாள், ஊர் எப்படி இருந்தது, கடைசியில் என்ன ஆயிற்று என்பதற்கெல்லாம் அங்கே இடமே இல்லை. கம்பராமாயணத்திலிருந்து இப்படி எழுபது பாட்டு எடுத்துத் தந்தால் கம்பரும் நீதி போதகராகத்தான் தெரிவார்.

சரி, வேறு சாட்சி உண்டா? உண்டு. ஒட்டக்கூத்தரின் தக்கயாகப்பரணிக்கு எழுதப்பட்ட பழைய உரை, கூத்தர் கவியழகு வேண்டி வளையாபதியை நினைத்தார் என்று ஒரு வரி சொல்கிறது. ஒட்டக்கூத்தர் 12-ஆம் நூற்றாண்டில் சோழ அரசவையில் கோலோச்சிய கவி. அவருக்கு அழகின் அளவுகோலாக வளையாபதி இருந்தது என்று அந்த உரைகாரர் நம்பியிருக்கிறார். இது தீர்ப்பு வகைச் சான்றுதான், மேற்கோள் இல்லை. ஆனால் புறத்திரட்டு எதைத் தராமல் விட்டது என்பதை இந்த ஒரு வரி சுட்டிக் காட்டுகிறது. வளையாபதி அறம் பேசிய நூல் என்று சொல்லுங்கள். அறம் மட்டுமே பேசிய நூல் என்று சொல்லாதீர்கள்.

குண்டலகேசிக்கும் இதே கதைதான். வீரசோழியம் என்ற இலக்கண நூலின் உரை அதில் எளிதில் விளங்காத சொல்லும் பொருளும் வருவதாகக் குறிப்பிட்டு, பெருங்காப்பியம் செய்பவனுக்கு அது தவிர்க்க முடியாதது என்று பரிந்தும் பேசுகிறது. நமக்குக் கிடைத்த பாடல்களோ மேலே பார்த்தது போலத் தெளிந்த நீராக இருக்கின்றன. கடினமான பகுதிகளைத் திரட்டுக்காரர் தொடவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

எதிரி எழுதியதை வைத்து ஒரு நூலை மதிப்பிடலாமா?

தாராளமாக. சில சமயம் நண்பரைவிட எதிரி அதிகம் பயன்படுவார்.

குண்டலகேசி பௌத்தக் காப்பியம். அதற்குச் சமணர் தரப்பு மறுப்பாக வந்தது நீலகேசி. அதில் குண்டலகேசி வாதச் சருக்கம் என்றே ஒரு பகுதி உண்டு. நீலகேசி குண்டலகேசியோடு நேருக்கு நேர் வாதிட்டு வெல்கிறாள். அதற்குச் சமய திவாகர வாமன முனிவர் எழுதிய உரை, மறுக்கப்படும் குண்டலகேசிப் பாடல்கள் பலவற்றின் தொடக்கச் சொற்களைத் தந்துகொண்டே போகிறது. எந்தப் பாட்டுக்கு எந்தப் பதில் என்று வாசகர் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அன்று வாசகரிடம் குண்டலகேசி இருந்தது. தொடக்கச் சொல்லைப் பார்த்தாலே முழுப் பாட்டும் நினைவுக்கு வந்துவிடும். இன்று நமக்குத் தொடக்கச் சொல் மட்டும் மிச்சம். அதை நினைக்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது.

எதிர்வாதம் செய்பவர் எதிராளி சொன்னதை ஓரளவாவது சரியாகச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் வாதம் எடுபடாது. அதனால் குண்டலகேசியில் என்னென்ன கொள்கைகள் பேசப்பட்டன என்பதற்கு நீலகேசி நல்ல சான்று. அந்த வாதங்கள் எவ்வளவு வலுவாக இருந்தன என்பதற்கு நல்ல சான்று இல்லை. தோற்பதற்கென்றே கூட்டிவரப்பட்டவள் அங்கே குண்டலகேசி.

கதை வேறு நூலில் முழுசாகக் கிடைக்கிறதே, அது போதாதா?

கதைக்குப் போதும். தன்னை மலையுச்சிக்கு அழைத்துப் போய்க் கொல்லப் பார்த்த திருட்டுக் கணவனைத் தள்ளிவிட்டு, துறவியாகி, ஊர் ஊராக வாதம் செய்து, கடைசியில் புத்தரின் சீடர் சாரிபுத்தரிடம் தோற்றுப் பௌத்தம் சேர்ந்த பெண்ணின் கதை, பௌத்தப் பெண் துறவியர் பாடல்களான தேரீகாதையின் பாலி உரையிலும் தம்மபத உரையிலும் இருக்கிறது. நீலகேசி உரையும் இந்தக் கதையைச் சொல்கிறது. ஒன்று பௌத்தர் தரப்பு, ஒன்று சமணர் தரப்பு. கதையின் எலும்புக்கூடு ஒத்துப்போவதால் அதை நம்பலாம். ஆனால் வால்மீகியைப் படித்துவிட்டுக் கம்பரின் கவிதை எப்படி என்று சொல்ல முடியாதல்லவா?

வளையாபதியில் இந்த அளவுக்கும் வழியில்லை. மிகப் பிற்பட்ட வைசிய புராணம், காவிரிப்பூம்பட்டினத்து நவகோடி நாராயணன் என்ற வணிகனுக்கும் அவனுடைய இரண்டு மனைவியருக்கும் நடந்ததாக ஒரு கதையைத் தருகிறது. பாடநூல்களில் இதையே வளையாபதியின் கதை என்று போட்டுவிடுகிறார்கள். அந்தக் கதையில் சைவ வாடை. கிடைத்த பாடல்களிலோ சமண வாடை. இரண்டும் ஒட்டவில்லை. வளையாபதியின் கதை நமக்குத் தெரியாது என்று எழுதுவதே முறை.

முச்சங்க வரலாற்றில் வரும் நூல்களையும் எண்களையும் எப்படி எடுத்துக்கொள்வது?

இறையனார் களவியல் என்ற அகப்பொருள் இலக்கண நூலின் உரைதான் இதற்கு மூலம். முதற்சங்கத்தில் 4,449 புலவர் பாடினர், 4,440 ஆண்டு நடந்தது. இடைச்சங்கத்தில் 3,700 புலவர், 3,700 ஆண்டு. கடைச்சங்கத்தில் 449 புலவர், 1,850 ஆண்டு. முதுநாரை, முதுகுருகு, களரியாவிரை என்று நூல்பெயர்களும் தருகிறது.

ஆண்டுக் கணக்கை 37-ஆல் வகுத்துப் பாருங்கள். 120, 100, 50 என்று மீதியில்லாமல் வரும். நடந்ததை எண்ணி எழுதிய கணக்கு இப்படி அமையாது. அதுவுமல்லாமல், இந்த உரை நக்கீரர் தொடங்கி முசிறி நீலகண்டனார் வரை பல தலைமுறை வாய்மொழியாக வந்தது என்று உரையே சொல்கிறது. அதில் எடுத்துக்காட்டாக வரும் பாண்டிக்கோவைப் பாடல்கள் 7-ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் நெடுமாறனைப் பாடுபவை. ஆக, இன்றைய வடிவம் அதற்குப் பிந்தியது.

அப்படியானால் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. மதுரையில் புலவர் கூடித் தமிழ் வளர்த்த நினைவும், பல பழைய நூல்கள் அழிந்துவிட்டன என்ற வருத்தமும் அந்தக் காலத்திலேயே இருந்தன என்பதற்கு அது உறுதியான சான்று. முதுநாரையின் ஒரு வரியும் நம்மிடம் இல்லாதபோது அது எப்படிப்பட்ட நூல் என்று பேசுவதற்குத்தான் அது உதவாது.

முத்தொள்ளாயிரத்தில் மொத்தம் எத்தனை பாட்டு?

இது சேர, சோழ, பாண்டியரைப் பாடிய நூல். மூவேந்தர்க்கும் சேர்த்து 900 என்பார் உண்டு, ஆளுக்கு 900 வீதம் 2,700 என்பாரும் உண்டு. கிடைத்திருப்பது நூற்றுச் சொச்சம். அவை அத்தனையும் அருமை.

இரண்டு மூன்று பேர் ஒரே செய்தியைச் சொன்னால் உறுதி என்று கொள்ளலாமா?

அவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் சொல்லாமல் இருந்தால் கொள்ளலாம். பரிபாடல் 70 என்று களவியல் உரை சொல்கிறது. திருமாலுக்கு 8, செவ்வேளுக்கு 31, காடுகாளுக்கு (கொற்றவைக்கு) 1, வையைக்கு 26, மதுரைக்கு 4 என்று ஒரு பழைய வெண்பா பிரித்துச் சொல்கிறது. கூட்டினால் 70. வெண்பாவில் களவியல் உரையில் இல்லாத பகுப்பு இருப்பதால், நூலைக் கையில் வைத்து எண்ணியவர் ஒருவர் பின்னால் இருக்கிறார் என்று நம்ப இடமிருக்கிறது. ஒரே வாக்கியத்தைப் பத்துப் பேர் திருப்பிச் சொன்னால் அது ஒரு சாட்சிதான்.

எந்தப் பழைய சான்றை நீங்கள் மிகவும் நம்புகிறீர்கள்?

அடியார்க்கு நல்லாரை. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதத் தொடங்கும்போதே கணக்கைத் தெளிவாக வைத்துவிடுகிறார். இசைக்கும் கூத்துக்கும் இருந்த பழைய நூல்கள் இன்னின்ன, அவை மறைந்துவிட்டன என்கிறார். தாம் துணையாகக் கொண்டவை இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணனார் நாடகத்தமிழ் நூல் என்கிறார். கையில் இருந்தது எது, கேள்விப்பட்டது எது என்று பிரித்துச் சொல்லும் சாட்சி கிடைப்பது அரிது. அப்புறம், அவர் சொன்ன பஞ்சமரபு பொய்யில்லை என்பதும் தெரிந்துவிட்டது. அதன் சுவடி கிடைத்து 1970-களில் அச்சானது.

உ.வே.சா. வளையாபதியை நேரில் பார்த்தாராமே?

திருவாவடுதுறை மடத்து நூலகத்தில் வளையாபதிச் சுவடியைப் பார்த்ததாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். மாணவராக இருந்த அந்த நாளில் பழைய நூல்கள் மீது அவருக்குப் பற்று ஏற்படவில்லை. பிற்காலத்தில் தேடியபோது கிடைக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் சுவடி இருந்தது என்பதற்கு இது மிக வலுவான சான்று. நூலின் தரத்துக்குச் சான்று ஆகாது.

மறைந்த நூல் என்று புதிதாக ஒன்று வெளிவந்தால் எப்படிச் சோதிப்பது?

பழைய உரைகளில் அந்த நூலின் மேற்கோள் என்று தெரிந்த பாடல்கள் அதில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பெயர் மட்டும் தெரிந்து உள்ளே இருப்பது தெரியாத நூல்தான் போலி செய்பவருக்கு வசதி. பதினெண்கீழ்க்கணக்கைப் பட்டியலிடும் வெண்பாவில் பதினெட்டாவது நூல் இன்னிலையா கைந்நிலையா என்று ஐயம் எழுந்தது. இன்னிலை என்ற பெயரில் ஒரு நூல் வந்து சேர, வ.உ.சிதம்பரனார் அதை நல்லெண்ணத்தோடு உரையெழுதி வெளியிட்டார். 1931-ல் அனந்தராமையர் கைந்நிலையைப் பதிப்பித்த பிறகு நிலைமை மாறியது. இன்னிலை பிற்காலத்தில் கட்டிய நூல் என்று இன்று பல அறிஞர்கள் கொள்கிறார்கள்.

இப்படிப் பிறர் வாய்மொழியால் எடைபோட்ட நூல் பின்னால் கிடைத்து, தீர்ப்பு சரிபார்க்கப்பட்டதுண்டா?

அர்த்தசாஸ்திரம். பல நூற்றாண்டு அது பெயரளவில்தான் தெரிந்திருந்தது. காஞ்சியில் வாழ்ந்தவராகக் கருதப்படும் தண்டி, அது 6,000 சுலோகம் என்றார். 7-ஆம் நூற்றாண்டில் பாணபட்டர் அதை இரக்கமற்ற நூல் என்று கடிந்தார். தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூலகத்துக்குக் கொடுத்த சுவடியை ஆர். சாமசாஸ்திரி 1909-ல் பதிப்பித்தார்.

திறந்து பார்த்தால் பெரும்பகுதி உரைநடை. சுலோகம் என்றது பாட்டின் எண்ணிக்கையை அல்ல, 32 எழுத்து கொண்ட அளவை என்றுதான் கொள்ள வேண்டியிருந்தது. பாணர் சொன்ன கொடுமை உண்மையிலேயே உள்ளே இருக்கிறது. ஒற்றர், நஞ்சு, மறைமுகக் கொலை எல்லாம் உண்டு. ஆனால் ஆதரவற்ற குழந்தைகளையும் முதியோரையும் அரசன் காக்க வேண்டும் என்பதும், 48,000 பணத்திலிருந்து 60 பணம் வரை ஊழியர் சம்பளப் பட்டியலும், எடை, அளவு, பாசனம், சுங்கம் எல்லாமும் உண்டு. பாணர் பொய் சொல்லவில்லை. தம்மை உறுத்தியதை மட்டும் சொன்னார். செய்தி பாதி நின்றது, தீர்ப்பும் பாதி நின்றது. வளையாபதி நாளை கிடைத்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்று வெளிவரும் புத்தகத்துக்கும் இந்த முறை பொருந்துமா?

பொருந்தும், ஒரு வித்தியாசத்தோடு. சந்தேகம் வந்தால் புத்தகத்தையே எடுத்துப் பார்த்துவிடலாம். வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு மதிப்புரையைப் படிக்கும்போது, அதில் நூலின் சொந்தப் பத்தி ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். பத்தியே தராமல் புகழ்ந்து தள்ளும் மதிப்புரையைவிட, பத்தியைத் தந்து திட்டும் மதிப்புரை நமக்கு உதவும். அணிந்துரையை ஆசிரியரே கேட்டு வாங்குகிறார். அதனால் அதைத் தனிச் சாட்சியாக எண்ண வேண்டாம். பின்னட்டையில் அச்சாவது பெரும்பாலும் அந்த அணிந்துரையின் துண்டுதான்.

மறைந்த நூல்களில் எஞ்சியவற்றை எங்கே படிக்கலாம்?

மயிலை சீனி. வேங்கடசாமியின் "மறைந்து போன தமிழ் நூல்கள்" இந்தத் துறைக்கு அடிப்படை நூல். உரைகளில் சிதறிக் கிடந்த மேற்கோள்களை, அவை எங்கே வருகின்றன என்ற குறிப்போடு ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். மதுரைத் திட்டம் என்ற இணையதளத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் குண்டலகேசி, வளையாபதிப் பாடல்கள் இலவசமாகக் கிடைக்கும். முத்தொள்ளாயிரத்துக்கு டி.கே.சி. (டி.கே. சிதம்பரநாத முதலியார்) விளக்கத்தோடு வந்த பதிப்பு தொடக்க வாசகருக்கு நல்லது.

குண்டலகேசியில் தொடங்குங்கள். 19 பாடலை ஒரே மாலையில் படித்துவிடலாம். அடுத்து நீலகேசியின் குண்டலகேசி வாதச் சருக்கத்துக்குப் போங்கள். வாமன முனிவர் உரை சேர்ந்த பதிப்பாகப் பார்த்து எடுங்கள். மூலம் மட்டும் அச்சிட்ட பதிப்பில் அந்தத் தொடக்கச் சொற்கள் வராது.